முந்நூற்றுப் பதினைந்தில் மூன்றாவது

ஜூன் 28

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். நீங்களும் அம்மாவும் நலமா? கடிதம் வீட்டுக்கு வராமல் தொழிற்சாலை முகவரிக்கு வந்திருக்கிறதே என்று பதற வேண்டாம். யாருக்கும் எதுவும் ஆகவில்லை. போனில் பேசலாமென்றால், வீட்டில் இருக்கிற ஒரே போனை அம்மா ஸ்பீக்கரில் போட்டு அடுப்பு மேடையில் சாய்த்து வைத்துவிடுகிறாள். குக்கர் விசிலுக்கு நடுவில் கேட்கிற விஷயம் இல்லை இது.

போன வாரம் எங்கள் பல்கலைக்கழக மருத்துவமனை நர்ஸம்மா எல்லாரையும் அரங்கத்தில் கூட்டி உட்காரவைத்துப் பேசினார். பாதுகாப்பு, நோய்த்தொற்று, கருத்தடை என்று எதையும் சுற்றி வளைக்காமல் சொன்னார். பின்வரிசைப் பையன்கள் சிரித்தார்கள். முன்வரிசையில் நாங்கள் எங்கள் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு ஓர் ஆணுறைப் பாக்கெட்டைக் கொடுத்து, பின்னால் இருக்கும் தேதியைப் பார்த்துவிட்டு அடுத்தவரிடம் தரச் சொன்னார். நானும் பார்த்தேன். தேதிக்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு முகவரி இருந்தது. ஒன்றாம் வகுப்பிலிருந்து எல்லாப் படிவத்திலும் ‘தந்தை பணிபுரியும் இடம்’ என்ற கட்டத்தில் நான் எழுதிவந்த அதே முகவரி.

கையுறை என்றுதானே அப்பா சொன்னீர்கள்? ஐந்தாம் வகுப்பில் ‘என் தந்தை’ கட்டுரையில், நீங்கள் சோதித்துக் கொடுக்கும் கையுறையை மாட்டிக்கொண்டுதான் உலகத்து டாக்டர்கள் எல்லாம் ஆபரேஷன் செய்கிறார்கள் என்று எழுதி, வகுப்பின் முன் நின்று படித்தேன். நீங்களும் அதைச் சட்டைப்பையில் ஒரு மாதம் வைத்திருந்தீர்கள்.

கோபமில்லை. சிரிப்பு வந்தது. அப்புறம் ஏனோ சிரிப்பு நின்றுவிட்டது.

நர்ஸம்மா ஒரு மாணவர் குழு ஆரம்பித்திருக்கிறார். நூலகத்துக்குப் பக்கத்தில் ஒரு பெட்டி. சந்தேகத்தைப் பெயர் போடாமல் எழுதிப் போடலாம். புள்ளியியல் படிக்கிறவள் என்பதால் சீட்டுகளை வகை பிரிக்கிற வேலை எனக்கு. ‘இரண்டு மாட்டினால் இரட்டைப் பாதுகாப்பா?’ என்று பதினோரு பேர். ‘பர்ஸில் வைத்தால் கெட்டுப்போகுமா?’ என்று ஏழு பேர். ஒருவன் ‘துவைத்து மறுபடி பயன்படுத்தலாமா?’ என்று கேட்டிருக்கிறான். உடம்பைப் பற்றிய கேள்விக்கு நர்ஸம்மா பதில் சொல்லிவிடுவார். பொருளைப் பற்றிக் கேட்டால் அவரே கொஞ்சம் தடுமாறுகிறார். உங்களுக்குத் தெரியுமே. எழுதுவீர்களா?

உங்கள்
பாப்பா


ஜூலை 6

அன்பு பாப்பாவுக்கு,

நலம். வாட்ச்மேன் உன் கடிதத்தைக் கொண்டுவந்து கொடுத்ததும் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டதென்றுதான் பிரித்தேன். மூன்றாவது பத்தி வந்ததும் மடித்து வைத்துவிட்டு, மிச்சத்தை உடை மாற்றும் அறையில் தாழ்போட்டுக்கொண்டு படித்தேன்.

கையுறை என்றது பொய்யில்லை. நான் சேர்ந்தபோது கையுறைப் பகுதியில்தான் போட்டார்கள். நாலு வருடம் கழித்து, நீ கைக்குழந்தையாக இருந்தபோது, இந்தப் பக்கம் மாற்றிவிட்டார்கள். அன்றைக்கே உன் அம்மாவிடம் சொன்னேன். உன்னைத் தொட்டிலில் போட்டுவிட்டு வந்தாள். பிறகு, “யார் கேட்டாலும் ரப்பர் வேலைன்னு சொல்லுங்க. அது ஒண்ணும் பொய் இல்லையே” என்றாள். அதோடு சரி. இத்தனை வருடத்தில் அந்தச் சொல் நம் வீட்டில் ஒரு தடவைகூட வந்ததில்லை. உன் கடிதத்தில் அதை உன் கையெழுத்தில் பார்த்தபோது எனக்கு எப்படி இருந்திருக்கும், பார். ஆனால் அரங்கத்தில் உட்கார்ந்து கேட்ட உனக்குக் கூசவில்லை, செய்து கொடுக்கிற எனக்குக் கூசுகிறது என்றால் அதில் அர்த்தமில்லை.

கேட்டதற்குப் பதில் எழுதுகிறேன். இரண்டு மாட்டக் கூடாது. ஒன்றோடு ஒன்று உரசிக் கிழியும். பர்ஸில் வைத்து அதன்மேல் உட்கார்ந்தால் சூட்டிலும் அழுத்தத்திலும் ரப்பர் நைந்துவிடும். பல்லால் கடித்துப் பிரிக்கக் கூடாது. எண்ணெய்ப் பசை அதற்கு எமன். தலைக்கு வைக்கிற எண்ணெய், கைக்குப் பூசுகிற கிரீம் எது பட்டாலும் சில நிமிஷத்தில் பலம் போய்விடும், கண்ணுக்குத் தெரியாது. துவைக்கலாமா என்று கேட்ட பிள்ளையை யாராவது பக்கத்தில் உட்கார்ந்து நிதானமாகப் பேசச் சொல்.

உன் அப்பன் என்ன செய்கிறான் என்றும் தெரிந்துகொள். ஒவ்வொன்றையும் இரும்புக் கம்பியில் மாட்டி மின்சாரம் விட்டுப் பார்க்கும் இயந்திரம் இருக்கிறது. ஊசிமுனை ஓட்டை இருந்தாலும் தள்ளிவிடும். அதற்கு அப்புறமும் நம்பாமல், ஒரே தொகுப்பாகத் தயாராவதை லாட் என்போம், ஒரு லாட்டுக்கு முந்நூற்றுப் பதினைந்து உருப்படி எடுத்து, தண்ணீர் நிரப்பித் தொங்கவிட்டு, முடிச்சுப் போட்டு உறிஞ்சுதாளில் உருட்டிப் பார்ப்போம். அது என் வேலை. இரண்டு ஒழுகினால் விடலாம். மூன்று ஒழுகினால் லட்சக்கணக்கில் இருந்தாலும் முழு லாட்டும் நிற்கும். கடைசியில் என் கையெழுத்து. அது இல்லாமல் கதவைத் தாண்டாது.

வேளாவேளைக்குச் சாப்பிடு. பதில் எழுதினால் இந்த முகவரிக்கே எழுது.

அன்புடன்
அப்பா


ஜூலை 25

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தின் நடுப்பகுதியை மட்டும் படியெடுத்து, ‘ஒரு தொழில்நுட்பர் எழுதுகிறார்’ என்று போட்டு, குழுக் கூட்டத்தில் நானே மைக்கில் வாசித்தேன். ‘எண்ணெய்ப் பசை அதற்கு எமன்’ என்ற இடத்தில் கைதட்டல். அந்த வரியை யாரோ நூலகப் படிக்கட்டுச் சுவரில் சாக்பீஸால் எழுதிவிட்டார்கள். காவலாளி அழித்தார். மறுநாள் மறுபடி இருந்தது.

அதோடு நாங்கள் ஒரு கணக்கெடுப்பும் நடத்தினோம். பெயரில்லாத தாளில் இருநூற்றுச் சொச்சம் பேர் நிரப்பினார்கள். தெரியுமா என்று கேட்டால் எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. பயன்படுத்தினீர்களா என்று கேட்டால்தான் பேனா நின்றுவிடுகிறது. ‘கடைக்காரர் அப்பாவுக்குத் தெரிந்தவர்’, ‘கேட்டால் அவள் என்னைத் தப்பாக நினைப்பாள்’, ‘கேட்காவிட்டால் அவன் என்னைத் தப்பாக நினைக்கமாட்டான்’ என்று எத்தனை விதமான காரணங்கள்! இதை எந்த அட்டவணையில் போடுவது என்று எங்கள் பேராசிரியருக்கே புரியவில்லை.

தொழில்நுட்பர் யார் என்று நர்ஸம்மா கேட்டார். சொந்தக்காரர் என்றேன். அப்பா என்று சொல்லியிருக்கலாம். நாக்கு வரை வந்தது.

உங்கள்
பாப்பா


ஆகஸ்ட் 12

அன்புள்ள அப்பாவுக்கு,

நலமா? இங்கே தேர்வு நெருங்குகிறது. தூக்கம் சரியில்லை, மற்றபடி நலம்.

ஒரு விஷயம். என் தோழி ஒருத்திக்கு முந்தாநாள் ஆணுறை கிழிந்துவிட்டது. மறுநாளே மருந்துக்கடைக்குப் போய் அவசரக் கருத்தடை மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டாள். அந்த விதத்தில் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டாள். அவள் கேட்பதெல்லாம் ஒன்றுதான். ஒழுங்காகத் தயாரித்தது தானாகக் கிழியுமா? பாக்கெட்டின் மேலுறையை இத்துடன் வைத்திருக்கிறேன். உங்கள் தொழிற்சாலையினுடையது. லாட் எண் தெரிகிறது. தேதி முடியவில்லை. அந்த லாட்டில் ஏதாவது கோளாறு இருந்ததா என்று பார்த்துச் சொல்ல முடியுமா?

அம்மாவிடம் எதுவும் சொல்ல வேண்டாம். அவளுக்கு என் தோழிகளை எல்லாம் தெரியும், யார் யார் என்று கேட்பாள்.

பாப்பா


ஆகஸ்ட் 18

அன்பு பாப்பாவுக்கு,

பதினாறாம் தேதி உன் கடிதம் வந்தது. உடனே வாட்ச்மேன் அறைக்குப் போய் அவருடைய போனை வாங்கி உன்னைக் கூப்பிட்டேன். அவர் பக்கத்திலேயே நின்று பீடியை விரலில் உருட்டிக்கொண்டிருந்தார். உன் குரல் கேட்டதும், “சாப்பிட்டியா?” என்றேன். “அங்க மழையா?” என்றேன். நீ இல்லை என்றாய். சரி என்று வைத்துவிட்டேன். அந்த ஒரு நிமிஷத்தில் நான் கேட்க நினைத்தது மழையைப் பற்றி இல்லை என்று உனக்குத் தெரிந்திருக்கும்.

தோழி என்று எழுதியிருக்கிறாய். தோழி என்றே வைத்துக்கொள்கிறேன். மாத்திரை போட்டது நல்லது. ஆனால் அதோடு விட்டுவிடாமல் ஒரு மருத்துவரைப் பார்க்கச் சொல்.

லாட் எண்ணைப் பார்த்தேன். பதிவேட்டை எடுக்கவே தேவையில்லை, நினைவிருக்கிறது. போன வருடம் ஒரு திங்கட்கிழமை. கையெழுத்து என்னுடையது.

சொல்லலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். அன்றைக்கு முந்நூறைத் தாண்டும்வரை இரண்டுதான் ஒழுகியிருந்தது. பிறகு ஒன்றை உருட்டியபோது தாளில் கடுகளவு ஈரம். மூன்றாவது. சூப்பர்வைசரைக் கூப்பிட்டேன். வாசலில் கன்டெய்னர் லாரி நின்றுகொண்டிருந்தது. அவர் தாளைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார். அந்த வாரம் லாக்கர் கதவில் சிக்கி என் கட்டைவிரல் நகம் பிளந்திருந்தது. “உங்க நகம் பட்டிருக்கும். இதை விடுங்க, வேற ஒண்ணு எடுங்க” என்றார். பட்டிருக்கலாம். படாமலும் இருந்திருக்கலாம். வேறொன்றை எடுத்து நிரப்பினேன். அது ஒழுகவில்லை. இரண்டு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அதற்கப்புறம் அதை நான் நினைக்கவே இல்லை என்றால் நம்புவாயா? நீ அனுப்பிய மேலுறையைக் கையில் வாங்குகிறவரை நினைக்கவே இல்லை.

இதை உன் தோழியிடம் சொல்ல வேண்டாம். இல்லை, சொல். எது சரியென்று எனக்குத் தெரியவில்லை.

அப்பா


ஆகஸ்ட் 29

அப்பாவுக்கு,

தோழி இல்லை. நான்தான்.

நீங்களே ஊகித்துவிட்டீர்கள் என்று தெரிந்தும், எழுதாவிட்டால் அது உண்மையாகாது என்பதுபோல் இத்தனை நாள் இருந்துவிட்டேன்.

அவன் மண்ணியல் படிக்கிறான். எல்லாரும் ‘மண்புழு’ என்றுதான் கூப்பிடுவோம், அவனும் அப்படித்தான் சொல்லிக்கொள்வான். பையில் எப்போதும் ஏதாவது ஒரு வயலின் மண் இருக்கும். கெட்டவன் இல்லை. கடைக்குப் போனதுகூட நான்தான். மூன்று வகை இருந்தது. பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்து உங்கள் முகவரி இருந்ததை எடுத்தேன். ஏன் அதை எடுத்தேன் என்று இப்போது நினைத்தால் கூசுகிறது. ஆனால் அந்த நேரத்தில், அப்பா பார்த்து அனுப்பியது, ஒன்றும் ஆகாது என்றுதான் இருந்தது.

மாத்திரை வாங்கப் போன கதையைச் சொல்ல வேண்டும். கடைக்காரர் எல்லாருக்கும் கேட்கும்படி, “யாருக்கும்மா?” என்றார். எனக்கு என்றேன். “கல்யாணம் ஆயிடுச்சா?” என்றார். பணத்தை எடுத்து மேசைமேல் வைத்தேன். இரண்டாம் தடவையும் கேட்டார். எனக்குப் பின்னால் இருமல் மருந்துச் சீட்டோடு நின்ற ஒருவர், “குடுத்து அனுப்புங்க சார், எனக்கு பஸ் போயிடும்” என்றார். அவர் முகத்தைக்கூட நான் பார்க்கவில்லை. இந்த இருபது நாளில் எனக்கு உதவி செய்தவர் யாரென்றால் அவர்தான்.

இப்போது ஒரு வாரம் தள்ளிப்போயிருக்கிறது. மாத்திரையால் அப்படி ஆகும் என்று நர்ஸம்மா சொல்கிறார். அவரிடம் நேராகப் போகவில்லை அப்பா. பெட்டியைத் திறந்து வகை பிரிக்கிற நானே, இடது கையால் கோணல்மாணலாக ஒரு சீட்டு எழுதி உள்ளே போட்டேன். கூட்டத்தில் அவர் அதை வாசித்தார். யாரையும் பார்க்காமல், “எழுதியவர் சாயங்காலம் என் அறைக்கு வந்தா டீ தருவேன்” என்றார். போனேன்.

நேற்றுக் காலை நானும் அறைத்தோழியும் பரிசோதித்தோம், இரண்டு கோடு விழுந்தால் கர்ப்பம். ஒரு கோடு விழுந்தது. அப்புறம் இன்னொன்று இருக்கிறதா இல்லையா என்று தெரியாத மாதிரி. அறைத்தோழி இல்லை என்கிறாள். எனக்கு இருக்கிற மாதிரி இருக்கிறது. ஜன்னலருகில் கொண்டுபோனால் ஒரு மாதிரி, விளக்கடியில் ஒரு மாதிரி. நேரம் தாண்டிப் பார்த்திருக்கிறோம், செல்லாது, ஒரு வாரம் கழித்து மறுபடி செய் என்று நர்ஸம்மா சொல்லிவிட்டார். மண்புழு மருத்துவமனை வாசல்வரை வந்தான். உள்ளே வரவில்லை. அறிவிப்புப் பலகையில் ரத்ததானம் பற்றிய தாளை முக்கால் மணி நேரம் படித்துக்கொண்டிருந்தான்.

உங்கள் கடிதத்தைப் பல தடவை படித்தேன். யார் மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. அவன் மேலா, என் மேலா, உங்கள் சூப்பர்வைசர் மேலா? உங்கள் மேல்தான் வருகிறது. மூன்று என்று தெரிந்தும் இரண்டு என்று எழுதினீர்களே அப்பா.

உங்கள்
மகள்


செப்டம்பர் 6

மகளுக்கு,

கடிதம் வந்தது. பதில் எழுத உட்கார்ந்து மூன்று தாளைக் கிழித்துவிட்டேன். ஒன்றில் உன்னைத் திட்டியிருந்தேன், ஒன்றில் அவனை. ஒன்றில் என்ன எழுதினேன் என்று எனக்கே படிக்க முடியவில்லை. அம்மாவிடம் சொல்லவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

அப்பா


செப்டம்பர் 15

அன்புள்ள அப்பாவுக்கு,

தள்ளிப்போயிருந்தது எட்டாம் தேதி வந்துவிட்டது. அதற்கு இரண்டு நாள் முன்பே மறுபடி பரிசோதித்தோம், ஒரே கோடு. இந்தத் தடவை ஜன்னலுக்கும் விளக்குக்கும் அலையவில்லை. சந்தோஷப்பட வேண்டும். கழிவறையில் உட்கார்ந்து அழுதேன். அறைத்தோழி கதவைத் தட்டி, எதற்கு அழுகிறாய் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

தொற்று இருக்கிறதா என்று ரத்தமும் எடுத்தார்கள். இப்போது ஒன்றுமில்லை. ஆனால் சிலது தெரிய நாளாகும், மூன்று மாதம் ஆனதும் இரண்டு பேரும் வந்து மறுபடி கொடுக்க வேண்டும் என்கிறார் மருத்துவர். நவம்பர் பன்னிரண்டு. அவனிடம் சொன்னேன். “உள்ள வரணுமா?” என்றான். வரணும் என்றேன். சரி என்றான். நாங்கள் இப்போது பேசிக்கொள்கிறோமா என்று கேட்டால், பேசிக்கொள்கிறோம். முன்பு மாதிரியா என்று கேட்டால் தெரியாது.

இனி எழுதப்போவதை தோழி என்று எழுதிய அந்தக் கடிதத்திலேயே எழுதியிருக்க வேண்டும். அன்றைக்கு அவன் கைக்குப் பூசுகிற கிரீமை எடுத்தான். வயலில் அலைந்து கை வெடித்துக் கிடக்கும், எப்போதும் வைத்திருப்பான். நான் பார்த்தேன் அப்பா. மைக் பிடித்து வாசித்தவள் நான். சுவரில் எழுதியதைத் தினமும் தாண்டித்தான் வகுப்புக்குப் போனேன். எல்லாம் தெரியும். அந்த நேரத்தில் வேண்டாம் என்று சொன்னால் அது ஏதோ பாடம் நடத்துகிற மாதிரி ஆகிவிடும் என்று தோன்றியது. சொல்லவில்லை. எங்கள் கணக்கெடுப்பில் ‘தெரியும், ஆனால்’ என்று பாதியில் நிறுத்தியவர்களை நான் எப்படிக் கேலி செய்தேன் தெரியுமா?

கிரீமால்தானா என்று மருத்துவரைக் கேட்டேன். இருக்கலாம், நகமாக இருக்கலாம், பிரித்த விதமாக இருக்கலாம், யாராலும் சொல்ல முடியாது என்றார். ஆனால் உங்கள் மேல் போட்டுவிடுவது எனக்கு வசதியாக இருந்தது. நீங்களும் வந்து தலையைக் கொடுத்தீர்கள்.

உங்களிடமிருந்து நாலு வரிக்கு மேல் வரவில்லை. என்னைத் திட்டிய தாளையாவது அனுப்பியிருக்கலாம்.

உங்கள்
மகள்


செப்டம்பர் 30

அன்பு மகளுக்கு,

உன் கடிதம் வருவதற்கு முன்பே நான் ஒன்றைச் செய்துவிட்டேன். ஏழாம் தேதி, தரக்கட்டுப்பாட்டு அதிகாரியின் மேசைக்குப் போய், அந்தத் திங்கட்கிழமை நடந்ததை எழுதிக் கொடுத்தேன். அந்த அம்மா உன்னைவிடப் பத்து வயதுதான் பெரியவர். இரண்டு தடவை படித்துவிட்டு, ஒரு வருடம் கழித்து இப்போது ஏன் என்று கேட்டார். என் மகள் என்று சொல்ல வாய் எடுத்தேன். “மனசு கேக்கல மேடம்” என்றேன். அதுவும் பொய்யில்லை.

ஒவ்வொரு லாட்டிலும் கொஞ்சம் எடுத்துப் பூட்டி வைத்திருப்போம். அதைத் திறந்து மறுபடி முந்நூற்றுப் பதினைந்து எடுத்தார்கள். என்னைத் தொட விடவில்லை. அவரே நிரப்பினார், அவரே உருட்டினார். நான் கைகட்டிச் சுவரோரம் நின்றேன். இரண்டு மணி நேரம். கடைசியில் நிமிர்ந்து, “இரண்டு” என்றார்.

இரண்டு என்றால் லாட் சரி. நாலோ ஐந்தோ வந்திருந்தால் குற்றவாளி என்று தலைகுனிந்து நின்றிருப்பேன். ஒன்றும் வராமல் இருந்திருந்தால் வீட்டுக்குப் போய் நிம்மதியாகப் படுத்திருப்பேன். இரண்டை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? “மனசைப் போட்டுக் குழப்பிக்காதீங்க, லாட் பாஸ்தான். ஆனா அன்னிக்கு நீங்க எழுதினது தப்பு” என்றார். இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னார். இப்போது என்னை அட்டைப்பெட்டி ஒட்டும் பகுதியில் போட்டிருக்கிறார்கள். சூப்பர்வைசருக்கும் எச்சரிக்கைக் கடிதம். அவர் என்னோடு பேசுவதில்லை. சாப்பாட்டு மேசையில் எதிரில் உட்கார்ந்தால் தட்டை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்.

அதற்கப்புறம்தான் உன் கடிதம் வந்தது. கிரீம் என்று படித்ததும் முதலில் எனக்கு வந்தது நிம்மதி. அப்பாடா, நானில்லை என்று. அரை நிமிஷம்தான். நீ செய்த தப்பில் எனக்கென்ன நிம்மதி என்று உடனே அவமானமாகிவிட்டது. அப்புறம்தான் ஒன்று புரிந்தது. இத்தனை நாளும் நான் லாட் எண்ணையே நினைத்துக்கொண்டிருந்தேன். அதை நினைத்துக்கொண்டிருந்தால் மற்றதை நினைக்க வேண்டாம். என் பாப்பாவுக்கு ஒருவன் இருக்கிறான், அவன் கை வெடித்திருப்பதுகூட அவளுக்குத் தெரியும் என்பதை நினைக்க வேண்டாம். உனக்கு என் மேல் போடுவது வசதியாக இருந்தது என்றால், எனக்கு என் மேலேயே போட்டுக்கொள்வது வசதியாக இருந்தது.

லட்சம் லட்சமாகப் பார்த்து அனுப்பியிருக்கிறேன். எல்லாம் யாரோ வீட்டுப் பிள்ளைகள் கைக்குத்தான் போகும் என்று தெரியாதா? தெரியும். யாரோ வீடு என்பதில் நம் வீடும் உண்டென்றுதான் தெரியாமல் இருந்தேன்.

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். நீயே சொல்லட்டும் என்றுதான் இருந்தேன், அவளே கேட்டாள். “பத்து நாளா அவ போன்ல உம் கொட்டுறா, நீங்க வீட்ல உம் கொட்டுறீங்க. என்னன்னு சொல்லுங்க.” தையல் மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. நான் சொல்லச் சொல்ல அவள் நிறுத்தவில்லை. முடித்ததும், “இப்ப உடம்பு நல்லா இருக்கால்ல?” என்றாள். நல்லா இருக்கு என்றேன். ஒரு சட்டைக்கையை முழுதாகத் தைத்து முடித்தாள். பிறகு பார்த்தால் உள்பக்கம் வெளிப்பக்கமாக வைத்துத் தைத்திருக்கிறாள். பிரித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். அவள் மனதில் என்ன இருக்கிறதென்று எனக்குத் தெரியாது. உனக்கு எழுதுவாள், எழுதாமலும் இருப்பாள்.

திட்டிய தாளைக் கேட்டிருந்தாய். அதில் இருந்ததெல்லாம் இன்னும் எனக்குள் இருக்கிறது. கோபம் போய்விட்டதென்று பொய் சொல்லமாட்டேன். ஒருமுறை பொய் எழுதியதற்கே இந்தப் பாடு. ஆனாலும் ஒன்று கேட்கிறேன். நவம்பர் பன்னிரண்டாம் தேதி நான் வரட்டுமா? எதற்கு என்று கேட்டால் எனக்கே சொல்லத் தெரியாது. அறிவுரை சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. கோபத்தோடுதான் வருவேன். வரவேண்டாம் என்றால் வேண்டாமென்று ஒரு வரி எழுது, தப்பாக நினைக்கமாட்டேன்.

அன்புடன்
அப்பா


அக்டோபர் 11

அன்புள்ள அப்பாவுக்கு,

வாருங்கள் என்று எழுதி, தபாலில் போடாமல் மூன்று நாள் புத்தகத்துக்குள் வைத்திருந்தேன். வேண்டாம் என்று இன்னொன்று எழுதினேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு இப்போது இதை எழுதுகிறேன்.

பன்னிரண்டாம் தேதி காலை ஒன்பதரை மணி. பேருந்து நிலையத்திலிருந்து வந்தால் பெரிய வாசலுக்குப் போகாதீர்கள், நடக்க நேரமாகும். நூலகத்துக்குப் பின்னால் சின்னக் கதவு ஒன்று இருக்கிறது, அதில் நுழைந்தால் மருத்துவமனை எதிரிலேயே தெரியும். நர்ஸம்மாவிடம், அந்தத் தொழில்நுட்பர் என் அப்பாதான் என்று சொல்லிவிட்டேன். அவர் உங்களைப் பார்க்க வேண்டுமாம். டீ தருவார்.

மருத்துவர் அறைக்குள் நான் மட்டும்தான் போவேன். அது உறுதி. முடிவு தெரிய ஒரு மணி நேரம் ஆகும். அதுவரை வராந்தாவில் உட்காரலாம். அங்கே இருப்பது ஒரே பெஞ்சு, மூன்று பேர் உட்காரலாம். அவனும் ரத்தம் கொடுத்துவிட்டு அங்கேதான் இருப்பான். நீங்கள் வருவதைச் சொன்னதிலிருந்து சரியாகச் சாப்பிடுவதில்லை. நான் உள்ளே இருக்கும்போது நீங்கள் இருவரும் என்ன பேசிக்கொள்வீர்கள் என்று யோசித்துப் பார்த்தேன், எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

ஒன்றும் பேசாவிட்டாலும் பரவாயில்லை. எழுந்து போய்விடாமல் இருந்தால் போதும்.

உங்கள்
மகள்